பாதிக் குழாயோடு ஓடிய பிளம்பர்

அம்மா இங்கே வந்த மூன்றாவது வாரம், சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் சொட்ட ஆரம்பித்தது. இங்கே என்றால் இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நார்ஃபோக் கவுண்டி, கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அதிலும் நார்விச் நகரம் இல்லை, அங்கிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி, வாரம் ஒருநாள் சந்தை கூடும் ஒரு சின்ன ஊர். இந்த ஊரில் பிளம்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாலு நாள் கெஞ்சிய பிறகு ஒருவர் வந்தார். மல்லாக்கப் படுத்துத் தலையை அலமாரிக்குள் நுழைத்துப் பழைய இணைப்பைக் கழற்றிக் கையில் எடுத்த நேரம் பார்த்து, அவர் இடுப்பில் செருகியிருந்த கறுப்புப் பெட்டி வீல் வீல் என்று கத்தியது. மனிதர் தலையை இடித்துக்கொண்டு எழுந்தார். "மன்னிச்சுக்கோங்க, போயாகணும். மெயின் வால்வை மூடி வெச்சிருக்கேன், திறந்துடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டார். ஸ்பேனர் தரையிலேயே கிடந்தது.

"என்னடா இது, பாதியில போட்டுட்டு ஓடுறாரு? அவரு வீட்ல யாருக்கும் முடியலையா?" என்று கேட்டார் அம்மா. எனக்கும் தெரியவில்லை. இரண்டு நிமிடம் கழித்துத் தெருமுனையில் சைரன் கேட்டது. அப்போதும் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். தலைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது, உடம்பெல்லாம் வைக்கோல் கருகிய வாசனை. எதுவும் நடக்காதது மாதிரி மறுபடியும் மல்லாந்து படுத்து வேலையை முடித்தார். அம்மா போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார்: அவர் இந்த ஊர்த் தீயணைப்பு வீரர். அதற்கென்று சம்பளத்துக்கு இருக்கும் ஆள் இல்லை, பிளம்பர்தான். ஆனால் அந்தப் பெட்டி கத்தினால் ஐந்து நிமிடத்துக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும். அவரோடு ஓடுகிறவர்களில் ஒருவர் கார் மெக்கானிக், ஒருவர் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவர், இன்னொருவர் கறிக்கடைக்காரர். நான் சனிக்கிழமை தவறாமல் கோழி வாங்கும் கடை அது!

எட்டு வருஷமாக அந்த நிலையத்தைத் தாண்டித்தான் தினமும் போய்வருகிறேன். சிவப்புக் கதவு, உள்ளே பளபளவென்று ஒரு வண்டி. அதற்குள் ஆட்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே யாருமே இல்லை. வண்டி மட்டும் நிற்கிறது.

அன்றிலிருந்து இதைத் தோண்ட ஆரம்பித்தேன். பிளம்பரே ஒரு செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சிக்கு வந்து பார்க்கச் சொன்னார். அங்கே பார்த்ததும், அவரிடம் கேட்டதும், அப்புறம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதும் கலந்துதான் இந்தப் பதிவு.

முதலில் கவுண்டி முழுக்க ஒரு சுற்று. நார்ஃபோக்கின் பரப்பு சுமார் 5,370 சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 9 லட்சத்துச் சொச்சம். மோட்டார்வே என்கிற அதிவேக நெடுஞ்சாலை ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பகுதி வயல், மீதி சதுப்பு, அப்புறம் கடற்கரை. இதற்கு 42 தீயணைப்பு நிலையங்கள். அவற்றில் நார்விச், கிங்ஸ் லின், கிரேட் யார்மத் மாதிரியான பெரிய ஊர்களில்தான் முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று நாலு குழுக்கள். இரண்டு பகல், இரண்டு இரவு, நாலு நாள் ஓய்வு என்று சுழற்சி. இந்த முறை 1977-78 குளிர்காலத்தில் நாடு முழுக்க நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வாரத்துக்கு 42 மணி நேரம் என்று குறைத்தபோது வந்தது. மீதி நிலையங்களில் பெரும்பாலானவை எங்கள் ஊர் மாதிரிதான். ஆன்-கால் என்பார்கள், பழைய ஆட்கள் இன்னும் 'ரீடெய்ன்ட்' என்றே சொல்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு சிறு தொகை, கூப்பிட்டால் மணிக்கணக்குக்குக் கூலி, வாரம் ஒரு மாலை பயிற்சி. அவ்வளவுதான்.

இதெல்லாம் யார் கையில் என்பது அந்தந்தக் கவுண்டியைப் பொறுத்தது, இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. நார்ஃபோக்கில் தீயணைப்புச் சேவை கவுண்டி கவுன்சிலின் ஒரு பிரிவு, அதாவது நூலகமும் சாலைக்குழியும் எந்தக் கணக்கில் வருகிறதோ அதே பெரிய கணக்கில் இதுவும் வருகிறது. பக்கத்துக் கேம்பிரிட்ஜ்ஷயரில் அதற்கென்றே தனி ஆணையம் இருக்கிறது, தன் பங்கு வரியைத் தானே நிர்ணயித்துக்கொள்கிறது. எசெக்ஸில் 2017 முதல் காவல்துறைக்கு என்று தேர்ந்தெடுக்கப்படும் ஆணையரே தீயணைப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். நார்ஃபோக்கிலும் அப்படி ஒரு பேச்சு 2018-ல் எழுந்தது, கவுன்சில் ஒத்துக்கொள்ளவில்லை, அடங்கிப்போனது. ஸ்காட்லாந்தில் 2013 ஏப்ரலில் எல்லாவற்றையும் உருட்டி ஒன்றாக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் மட்டும் இன்னும் நாற்பத்துச் சொச்சம் தனித்தனிச் சேவைகள். ஆளுக்கு ஒரு விதமாக வண்டி வாங்குவார்கள், ஆளுக்கு ஒரு விதமாக வண்ணப்பட்டை ஒட்டுவார்கள்.

இப்படிச் சிதறிக் கிடப்பது ஆபத்து என்று ஒருமுறை கண்கூடாகப் பார்த்த நாடு இது. இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் ஊருக்கு ஊர், பேரூராட்சிக்குப் பேரூராட்சி என்று 1,600-க்கும் மேல் தனித்தனிப் படைகள் இருந்தன. குண்டு விழுந்து ஊர் எரியும்போது பக்கத்து ஊர் வண்டி உதவிக்கு வந்தால், அதன் ஹோஸ் இந்த ஊர்க் குழாயில் பொருந்தாது. 1941 ஆகஸ்டில் எல்லாவற்றையும் ஒரே தேசியப் படையாக்கினார்கள். 1942 ஏப்ரல் கடைசியில் நார்விச் மீது ஜெர்மன் விமானங்கள் இரண்டு இரவு குண்டு போட்டபோது தெருவில் நின்றது அந்தப் படைதான். போர் முடிந்து 1948 ஏப்ரல் 1 அன்று படையைப் பிரித்துக் கவுண்டிகளிடமும் நகரங்களிடமும் திருப்பிக் கொடுத்தார்கள். நார்விச்சுக்குத் தனி, கிரேட் யார்மத்துக்குத் தனி, மீதிக் கவுண்டிக்குத் தனி. 1974-ல்தான் மூன்றும் ஒன்றாயின. ஹோஸ் இணைப்பு மட்டும் போர்க்காலத்தில் ஒன்றானது ஒன்றானதுதான், இன்றைக்கும் எந்த ஊர் ஹோஸும் எந்த ஊர் வண்டியிலும் 'டக்' என்று பொருந்தும்.

சரி, வண்டிக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. பக்கவாட்டு உருளைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சர்ரென்று மேலே தள்ளிக் காட்டினார் பிளம்பர். வெளியிலிருந்து பார்த்தால் லாரி, திறந்தால் நம் ஊர் இரும்புக்கடை. ஆனால் எதுவும் குவிந்து கிடக்கவில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய ஒரு பள்ளம். இருட்டில் கையை விட்டாலும் எடுக்க வர வேண்டும் என்பதால் இடம் மாறவே மாறாது. வண்டிக்குள் இருக்கும் தண்ணீர் 1,800 லிட்டர். எனக்குக் கேட்டதும் ஏமாற்றம்தான். நம் வீட்டு மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி இரண்டுகூட நிறையாது! சிவப்பு வண்டி முழுக்கத் தண்ணீர்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மெல்லிய ரப்பர் ஹோஸ்ரீலை மட்டும் திறந்தால் கால் மணி நேரம்போல ஓடும். 45 மில்லிமீட்டர் ஹோஸைத் திறந்தால் நாலைந்து நிமிடத்தில் காலி. 70 மில்லிமீட்டர் ஹோஸ் தண்ணீரைக் கொண்டுவருவதற்கு. அதனால் வண்டி நின்றதும் ஓட்டுநர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று தண்ணீர் எங்கே என்று தேடுவது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லணும். இந்த நாட்டில் எந்தத் தெருவில் நடந்தாலும் சுவரிலோ சின்னக் கல்தூணிலோ மஞ்சள் தகடு ஒன்று தெரியும், கறுப்பில் பெரிதாக எச் என்ற ஆங்கில எழுத்து, அதற்குள் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். எட்டு வருஷமாக அதைக் கேபிள் கம்பெனிக்காரர்கள் வைத்தது என்று நினைத்திருந்தேன். எச் என்றால் ஹைட்ரன்ட். மேல் எண், பூமிக்கு அடியில் ஓடும் குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். கீழ் எண், தகட்டிலிருந்து ஹைட்ரன்ட் மூடி எத்தனை மீட்டர் தள்ளி என்பது. என் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் 100, கீழே 2. அன்றிரவு வீட்டுக்குப் போகும்போது கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டு மீட்டர் அளந்து, இலைதழை மூடிக்கிடந்த அந்த இரும்பு மூடியைக் கண்டுபிடித்தேன். அதன்மேல்தான் நான் வழக்கமாகக் காரை நிறுத்துகிறேன். இப்போது நிறுத்துவதில்லை.

கிராமங்களில் குழாய் இன்னும் சின்னது, பல பண்ணைகளுக்கு அதுவும் இல்லை. அங்கே குளம், ஓடை, எது இருக்கிறதோ அதில் உறிஞ்சுக் குழாயை இறக்க வேண்டும். அல்லது தண்ணீர் சுமக்கும் பெரிய லாரியை வேறு நிலையத்திலிருந்து வரவழைக்க வேண்டும். பம்ப் எவ்வளவு பெரிதானாலும் கணக்குப்படி பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சி ஏற்ற முடியாது, காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தாங்கும். நடைமுறையில் ஏழெட்டு மீட்டரே அதிகம். கிணற்றுப் பாசன மோட்டாரை வருஷா வருஷம் படிப்படியாகக் கீழே இறக்கிய ஊர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே ஏணிகள். அதில் 13.5 மீட்டர் ஏணியைத் தூக்கி நிறுத்தவே நாலு பேர் வேண்டும். காரை அறுக்கும் ஹைட்ராலிக் கத்தரி, கதவைப் பிளக்கும் தாடை. முன்பெல்லாம் இவை இன்ஜினோடு குழாயால் கட்டுண்டு கிடக்கும், இப்போது பேட்டரி. அதனால் பள்ளத்தில் உருண்ட காருக்கும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கலாம். புகைக்குள் சூட்டைப் பார்க்கும் கேமரா, புகைபோக்கிக்குள் விடும் தடிகள், மாரடைப்புக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி, தண்ணீரில் தத்தளிப்பவருக்கு வீசும் கயிற்றுப்பை. சாலை விபத்தில் சிக்கியவர்களை மீட்பது 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இவர்களுடைய கட்டாயக் கடமை ஆயிற்று, அதற்கு முன்னால் பல பத்தாண்டுகளாகச் சட்டம் சொல்லாமலேயே செய்துகொண்டிருந்தார்கள். வெள்ள மீட்பு இங்கிலாந்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 1953-ல் வட கடல் பொங்கி இந்தக் கரையோரம் அத்தனை பேரைக் கொண்டுபோனது, 2013 டிசம்பரில் மறுபடி பொங்கியபோது ஹெம்ஸ்பியில் வீடுகள் மணல்மேட்டோடு சரிந்தன. அப்படியிருந்தும் படகோடு போவது சட்டப்படி கடமை இல்லை, ஆனால் போகிறார்கள். எனக்கு இது வேடிக்கையாக இல்லை.

மூச்சுக்கருவிதான் என்னை அதிக நேரம் நிற்க வைத்தது. முதுகில் மாட்டும் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் சாதாரணக் காற்று. ஆக்சிஜன் இல்லை, பலர் அப்படி நினைக்கிறார்கள், நானும்தான். அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிடம். பெரிய உடம்பு, பயம், படியேற்றம் எல்லாம் அதைத் தின்னும். உள்ளே போகுமுன் கருவியிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் அட்டையை உருவி வெளியே நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். அதில் பெயர், சிலிண்டர் அழுத்தம், உள்ளே நுழைந்த நேரம். அவர் அதைப் பலகையில் செருகி, எத்தனை மணிக்கு விசில் ஊதும், அதற்குள் வெளியே வந்தாக வேண்டும் என்று கணக்குப் போடுவார். அட்டையை உருவியதும் இன்னொன்றும் உயிர்பெறும்: உள்ளே போனவர் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் கருவி தானாக அலறும். இந்தப் பலகை, அட்டை ஏற்பாட்டுக்குப் பின்னால் இரண்டு உயிர்கள். 1958 ஜனவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலவறையில் தீப்பிடித்தபோது, புகையில் வழிதவறி இரண்டு வீரர்கள் இறந்தார்கள். யார் உள்ளே போனார், எப்போது போனார் என்று ஒழுங்கான கணக்கே அப்போது கிடையாது.

பிளம்பர் தன் கருவியை எனக்கு மாட்டிவிட்டார். முகமூடியைப் போட்டதும் என் மூச்சுச் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஷெட்டைச் சுற்றி ஒரே ஒரு சுற்று நடந்தேன். கழற்றும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இத்தனைக்கும் தீ இல்லை, புகை இல்லை.

இப்போது அந்தப் பலகையை வைத்து ஒரு சின்னக் கணக்கு. மூச்சுக்கருவி போட்டு உள்ளே போவது எப்போதும் இரண்டு பேராக. ஆச்சா, இரண்டு. வெளியே பம்பை இயக்க ஒருவர் வேண்டும், அது ஓட்டுநர். மொத்தத்தையும் பார்த்து முடிவெடுக்க ஒருவர், அவர்தான் அன்றைய பொறுப்பாளர். நாலு. பலகையை யார் பிடிப்பது? ஓட்டுநரே ஒரு கண் பம்பிலும் ஒரு கண் பலகையிலுமாகச் சமாளிக்க வேண்டும், இரண்டாவது வண்டி வரும்வரை. ஐந்து பேர் இருந்தால் நிம்மதி. நாலுக்குக் கீழே போனால் எரியும் வீட்டுக்குள் ஆளை அனுப்புகிற வண்டியாகக் கிளம்பவே முடியாது. சில கவுண்டிகளில் மூன்று பேரோடு சின்ன வண்டியை அனுப்பிப் பார்க்கிறார்கள், வெளியிலிருந்து செய்ய முடிந்ததைச் செய்யட்டும் என்று. வண்டியும் அதில் உள்ள சாமான்களும் பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஐந்து நிமிட தூரத்துக்குள் நாலு பேர் எங்கே கிடைப்பார்கள்? இந்தச் சேவையின் முழு அமைப்பும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அந்தக் காலத்தில் இது பெரிய கேள்வியாக இல்லை. சந்தை ஊர் என்றால் எல்லாரும் அங்கேயே வேலை பார்த்தார்கள், அங்கேயே தூங்கினார்கள். சைரன் ஊதினால் பேக்கரியிலிருந்தும் கொல்லுப்பட்டறையிலிருந்தும் ஓடிவந்தார்கள். இப்போது என் தெருவில் பாதிப் பேர் காலையில் நார்விச்சுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ போய் இருட்டிய பிறகு வருகிறார்கள். உள்ளூரிலேயே இருக்கிறவர்களின் முதலாளிகளும், முதல் தடவை 'போய்ட்டு வா' என்பார்கள், மூன்றாவது தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ராத்திரியில் எட்டுப் பேர் ஓடிவந்து கடைசி நாலு பேர் ஏமாந்து வீடு திரும்புகிற நிலையத்தில், பட்டப்பகலில் மூன்று பேர்தான் தேறுகிறார்கள். வண்டி அப்படியே நிற்கும்.

அப்போது என்ன ஆகும் என்றால், நார்ஃபோக்கின் கட்டுப்பாட்டு அறையில் பல்லாங்குழி ஆரம்பிக்கும். அவசர உதவி எண்ணான 999-ஐ அழுத்தினால் முதலில் எடுப்பது தொலைபேசி நிறுவனத்தின் ஆள். 1937 ஜூன் 30 அன்று லண்டனில் இந்த எண் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். தீ என்றதும் கவுண்டியின் கட்டுப்பாட்டு அறைக்குத் தள்ளிவிடுவார். அங்கே திரையில் எந்த நிலையத்தில் எத்தனை பேர் இந்த நிமிடம் தயார் என்பது தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு ஆன்-கால் வீரரும் கைப்பேசியில் தன் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருக்கிறார். கடைக்குப் போகிறேன் என்றால்கூட. வீட்டுத் தீ என்றால் இத்தனை வண்டி, கூரை வீடு என்றால் இத்தனை என்று முன்கூட்டியே எழுதி வைத்த கணக்கு உண்டு. எங்கள் ஊரில் ஆள் இல்லையென்றால் அடுத்த ஊர் வண்டி. அந்த ஊர் காலியானால் அங்கே நிற்க இன்னொரு ஊரிலிருந்து ஒன்றை நகர்த்துவார்கள். ஒரு குழியை நிரப்ப இன்னொரு குழியிலிருந்து அள்ளியபடியே இருக்க வேண்டும், எந்தக் குழியும் ரொம்ப நேரம் வெறுமையாக இருக்கக் கூடாது. எல்லையோரக் கிராமம் என்றால் சஃபோக் வண்டியோ லிங்கன்ஷயர் வண்டியோ வரும், கவுண்டி எல்லையைத் தீ பார்ப்பதில்லை. நார்ஃபோக்கின் கட்டுப்பாட்டு அறை லிங்கன்ஷயர், ஹம்பர்சைட், ஹார்ட்ஃபர்ட்ஷயர் அறைகளோடு கைகோத்திருக்கிறது, ஒன்றுக்கு அழைப்பு குவிந்தால் இன்னொன்று எடுக்கும்.

இதை அவர்களாகவே கைகோத்துச் செய்தார்கள் என்பதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது. 2004-ல் அரசாங்கம் இங்கிலாந்தின் 46 கட்டுப்பாட்டு அறைகளையும் மூடிவிட்டு ஒன்பது பெரிய மையங்கள் கட்டுகிறேன் என்று கிளம்பியது. கட்டடங்கள் எழும்பின, கணினி மட்டும் வேலை செய்யவில்லை. 2010 டிசம்பரில் கைவிட்டார்கள். குறைந்தபட்சம் 46.9 கோடி பவுண்டு வீண் என்று தேசியத் தணிக்கை அலுவலகமே எழுதியது. அந்தக் காசுக்கு எத்தனை பிளம்பர்களுக்கு அந்த வருஷத் தொகையைக் கொடுத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்திவிட்டேன், தூக்கம் போய்விடும்.

நேரக் கணக்கிலும் ஒரு கதை உண்டு. 2004 வரை நாட்டுக்கே பொதுவான விதி இருந்தது. பெரிய நகரத்தின் நெருக்கமான பகுதிக்கு ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு வண்டி, கிராமப்புறத்துக்கு இருபது நிமிடத்துக்குள் ஒன்று. தீ எவ்வளவு கட்டடத்தைத் தின்னும் என்பதை வைத்துத்தான் இந்தத் தரம் பிரித்தார்கள், உள்ளே தூங்குகிற ஆளை வைத்து இல்லை. அதனால் இரவில் ஈ காக்கை இல்லாத அலுவலகத் தெருவுக்கு இரண்டு வண்டி பறக்கும், வயசானவர்கள் தனியாக வாழும் கிராமம் காத்திருக்கும். இப்போது பொது விதி கிடையாது, ஒவ்வொரு சேவையும் தன் பகுதியின் ஆபத்தைத் தானே கணித்து ஒரு திட்டம் எழுதுகிறது, 2018-லிருந்து மத்திய ஆய்வாளர்கள் வந்து மார்க் போடுகிறார்கள். சிறந்த முறைதான், ஆனால் திட்டத்தைப் படிக்கும் ஊர்க்காரனுக்குத் தன் வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்பது முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறதா என்றால் எனக்குச் சந்தேகம்.

வண்டி பக்கத்திலேயே இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றும் பிளம்பரிடம் கேட்டேன். அவர் உடனே நார்விச் நூலகத்தைச் சொன்னார். 1994 ஆகஸ்ட் 1, காலை. மின்கோளாறு. தீயணைப்பு நிலையம் அப்போது பெத்தல் தெருவில், நூலகத்துக்குக் கிட்டத்தட்ட எதிரிலேயே இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் போயின. நிலவறைப் பெட்டகத்தில் இருந்த பழைய ஆவணங்கள் தீயிலிருந்து தப்பித்துத் தண்ணீரில் நனைந்தன. நூலகம் எரிந்தது என்றதும் எனக்கு யாழ்ப்பாணம்தான் ஞாபகம் வந்தது. அது ஆட்கள் வைத்த தீ, இது வயரில் பிடித்த தீ என்று அவருக்கு விளக்க நாலைந்து வாக்கியம் ஆயிற்று. அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பெத்தல் தெரு நிலையம் இப்போது மேல்நிலைப் பள்ளி. நூலகம் இருந்த இடத்தில் கண்ணாடி முகப்போடு ஃபோரம் என்ற கட்டடம் நிற்கிறது, நான் பிள்ளைகளை வாராவாரம் கூட்டிப் போகும் இடம்.

எங்கள் ஊர்ப் பெட்டி கத்தும்போது பெரும்பாலும் தீயே இருக்காது. இங்கிலாந்து முழுக்கவே தீ என்பது ஏறக்குறைய கால்வாசிதான், பெரிய பங்கு யாரோ ரொட்டி கருக்கி அலறிய அலாரம். மீதி, சாலை விபத்து, சகதியில் சிக்கிய குதிரை, பூட்டிக்கொண்ட கதவு. வைக்கோல் போர் எரிந்தால் பல சமயம் அணைப்பதே இல்லை, பரவாமல் காவல் நின்று எரிய விட்டுவிடுவார்கள். பிளம்பர் அன்று என் வீட்டிலிருந்து ஓடிப்போய்ச் செய்தது அதைத்தான். அவர்கள் உண்மையிலேயே வெறுப்பது நாணல் கூரை வீட்டுத் தீயை. இங்கே ஏரிகளில் வெட்டும் நார்ஃபோக் நாணல் கூரைக்குப் பேர்போனது, மழை உள்ளே இறங்காதபடி நெருக்கி அடுக்கியிருப்பார்கள். மழைத் தண்ணீரை வழியவிடும் கூரை ஹோஸ் தண்ணீரையும் அப்படியே வழியவிடும். தீ அடியில் ஊர்ந்துகொண்டிருக்க, மேலே எவ்வளவு ஊற்றினாலும் வீண். கடைசியில் கொக்கி போட்டுக் கையால் பிய்த்துப் பிய்த்து இழுக்க வேண்டும். பத்து வண்டி, ஒரு ராத்திரி முழுக்க.

2022 ஜூலை 19 பற்றியும் பேசினார். பக்கத்துக் கவுண்டியில் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவான நாள். மதுரைக்காரனுக்கு நாற்பது ஒரு பொருட்டா என்று சிரிக்கத் தோன்றலாம். ஆனால் இங்கே வயல் முழுக்க அறுவடைக்கு நின்ற கோதுமை, வேலி முழுக்கக் காய்ந்த செடி. பிரான்கஸ்டர் ஸ்டேத் மாதிரியான கடலோரக் கிராமங்களில் வீடுகளே எரிந்தன. நார்ஃபோக் பெரும் பேரிடர் அறிவித்தது. பல்லாங்குழியில் எடுக்க முத்தே இல்லாமல் போன நாள் அது. பக்கத்துக் கவுண்டியைக் கூப்பிடலாம் என்றால் அங்கேயும் எரிந்துகொண்டிருந்தது. தடித்த சட்டையோடு வயலில் நின்று இரண்டு பேர் மயங்கி உட்கார்ந்ததைச் சொல்லும்போது அவர் முகம் மாறிவிட்டது. கட்டடத்துக்குள் போக நெய்த உடுப்பு அது, திறந்த வெயிலுக்கு இல்லை.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது நிலைய வாசலில் கட்டியிருந்த பேனரைக் காட்டினார். ஆள் தேவை. எப்போது பார்த்தாலும் தொங்கும் பேனர், இத்தனை நாள் படித்ததில்லை. "நீங்க வீட்லேர்ந்துதானே வேலை பார்க்கறீங்க? பகல்லே இருப்பீங்கள்ல?" என்றார். எனக்கு வயசு 46. உச்ச வயது வரம்பு இல்லையாம், உடம்பு ஒத்துழைத்தால் போதும். பீப் சத்தத்துக்கு ஏற்ப ஓடும் சோதனையில் 8.7 என்ற நிலை வரை தாங்க வேண்டும், 55 கிலோ பொம்மையை இழுக்க வேண்டும், ஏணியில் பாதி உயரத்தில் காலைப் பின்னிக்கொண்டு கையை விட வேண்டும். சனிக்கிழமை விளையாட்டுத் திடலில் யாரும் பார்க்காத நேரமாகப் போய் ஓடிப் பார்த்தேன். 6.4-ல் நின்றுவிட்டேன். வீட்டிலிருந்து நிலையத்துக்கு வேகமாக நடந்தால் நாலு நிமிடம் பத்து நொடி, அதில் மட்டும் பாஸ்.

"உனக்கென்னடா பைத்தியமா" என்றார் அம்மா போனில். அப்புறம், "அந்தக் குழாய்க்காரரும் வருவாருல்ல உன்கூட?" என்றும் கேட்டார்.

அலுவலகத்தில் பகலில் வாரம் இருபது மணி நேரம் விட முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். மேலே அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள், ஆறு வாரம் ஆகிறது. தினமும் மாலையில் திடலைச் சுற்றி ஓடுகிறேன், 7.1 வரை வந்திருக்கிறது. சமையலறைக் குழாய் போன வாரத்திலிருந்து மறுபடியும் சொட்டுகிறது, பிளம்பர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.